சிவப்பு வெளிச்சத்தில் போன குரல்

நான் வேலை செய்யும் ஸ்டூடியோ, கண்டி நகரில், கொழும்பு வீதியில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே ஆணி, குழாய், பெயின்ட். மேலே சங்கீதம். இரண்டுக்கும் ஒரே முதலாளி. அந்த மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான். வத்தேகமவிலிருந்து பஸ் பிடித்து, கொழும்பில் ஒலிப்பதிவு படித்த சான்றிதழையும் கொண்டு நான் வந்து நின்ற முதல் நாளே, "கரண்டுக்கு வயரு, தண்ணிக்கு பைப்பு, பாட்டுக்கும் வயரு. இதுல படிக்கிறதுக்கு என்னா தங்கச்சி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு வேலை வேண்டியிருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆணி விற்கிறவருக்கு ஸ்டூடியோ எதற்கு என்று யாரும் கேட்கலாம். அவர் பஜனை பாடுவார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் மைக் இவர் கைக்குப் போனால் மற்றவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆனாலும் யாரோ ஒரு புண்ணியவான், "ஒங்க கொரலப் பதிஞ்சு வைக்கணுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றைக்கு விழுந்த விதைதான் இந்த ஸ்டூடியோ. அந்த ஆள் மட்டும் என் கையில் அகப்பட்டால் தெரியும் சங்கதி.

முதலாளியின் பஜனை போக மிச்ச நேரத்தில் புடைவைக் கடை விளம்பரம், டியூஷன் மாஸ்டர்மாரின் பாடம், கோயில் திருவிழா அறிவித்தல் என்று வரும் எல்லாவற்றையும் நான் பதிவேன். வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி கதவடியிலேயே நின்று, "எல்லாம் டிஜிட்டல்ங்க, டிஜிட்டல்" என்பார். டிஜிட்டல் என்றால் என்ன என்று ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தால் மனிதர் படியிறங்கிப் பெயின்ட் கலக்கப் போயிருப்பார். நல்ல காலம், ஒருவரும் கேட்கவில்லை. குறைகுடம் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. மைக்கில் விழுகிற குரல் முதலில் ஒரு பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டி குரலை எண்களாக மாற்றி, கொம்பியூட்டரோடு இருக்கிற இரண்டாவது பெட்டிக்கு அனுப்பும். அனுப்புகிற வயருக்குள் செம்பு கிடையாது, கரண்டும் ஓடாது. ஓடுவது சிவப்பு வெளிச்சம். முதல் பெட்டியின் முதுகில் ஒரு சின்னச் சதுரத் துளை இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் வெளிச்சம் வயருக்குள்ளால் ஓடி மற்றப் பெட்டிக்குள் இறங்கும். அவ்வளவுதான். ஒரே ஒரு நிபந்தனை, இரண்டு பெட்டியும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். ஒன்று தாளம் போட மற்றது கேட்டு நடக்க வேண்டும். நானும் போடுவேன் நீயும் போடு என்று இரண்டும் முறுக்கிக்கொண்டு நின்றால் குரலில் டிக் டிக் என்று வெடி விழும். இதை நான் விளங்கப்படுத்தியபோது முதலாளி தாடையைத் தடவிக்கொண்டு, விலை கூடின பெட்டிதான் தாளம் போட வேண்டும், அதுதான் மரியாதை என்று தீர்ப்புச் சொன்னார். அவருக்குத் தெரியாமல் மற்றதைத் தாளம் போட வைத்தேன்.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசைக்கு எனக்கு லீவு. நான் வீட்டில் அவலும் கடலையும் தின்றுகொண்டிருந்த நேரத்தில் இங்கே முதலாளி ஸ்டூடியோவுக்குத் தன் கையாலேயே பூசை போட்டிருக்கிறார். விஜயதசமியன்று காலையில் வந்து பார்த்தால், திரையில் ஒரு பொட்டு, ஸ்பீக்கரில் ஒரு பொட்டு, மைக்கின் வலையிலேயே ஒரு பொட்டு. வயர்களுக்கும் அன்றைக்கு ஓய்வாம், எல்லாவற்றையும் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தார். குரங்கு கை பூமாலை. மைக்கைத் துடைத்தேன். பெட்டிகள் சுவரோடு ஒட்டியிருக்கிற ராக்கைத் தட்டில் இருப்பதால், பின்பக்கம் கையை விட்டுத் தடவித் தடவித்தான் வயர்களைத் திருப்பிக் குத்தினேன். முதல் பதிவு முதலாளியின் பஜனை. அது ஒரு பழுதும் இல்லாமல் பதிந்தது. பழுதெல்லாம் பாட்டில்தான்.

அதற்கு அடுத்த நாள்தான் டீச்சர் வந்தார்.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து வந்தவர்கள், பேராதனையிலேயே தங்கிவிட்டார்கள். டீச்சருக்குத் தொண்டையில் புற்றுநோய். அடுத்த கிழமை ஆஸ்பத்திரி வார்ட்டில் சேர்த்துக் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். பிறகு பேச முடியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒன்று அவருக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறது. தினமும் தேவைப்படும் வசனங்களை இப்போதே சொந்தக் குரலில் பதிந்து டெப் என்கிற கைக் கொம்பியூட்டரில் போட்டு வைத்தால், பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான், அமத்தினால் அவர் குரலிலேயே அது பேசும். போனில் பதியலாமே என்று கணவர் சொல்லி, வீட்டில் பதிந்தும் பார்த்திருக்கிறார்கள். டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, இது ஆரோ ஒரு கிழவி என்று தள்ளிவிட்டாராம்.

இத்தனையையும் கேட்டபிறகு முதலாளி சொன்னது, பின்னால் ஒரு வீணை போட்டால் எடுப்பாக இருக்கும் என்று. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி கேக்கிறதுக்கு என்னத்துக்கு ஐயா வீணை?" என்றார். குரல் கரகரத்துத்தான் வந்தது. ஆனாலும் வகுப்பின் கடைசி வாங்கில் தூங்குகிறவனையும் எழுப்புகிற குரல். எனக்கு அந்த நிமிஷமே ஆளைப் பிடித்துப்போயிற்று.

அப்படிப்பட்ட நிலையில் இருக்கிற ஒருவர் என்ன பதிவார்? நன்றி, கடவுள் துணை, பிள்ளைகளுக்கு இரண்டு ஆசி, இப்படித்தான் நான் நினைத்தேன். டீச்சர் மைக்குக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பதியும் முன் ஒரு ஒத்திகையாகத் தொடங்கினார். உப்புக் கூட. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ. கணக்குப் பிழை, திரும்பச் செய்யும். ரீவிச் சத்தத்தைக் குறையுங்கோ. எனக்குக் காது நல்லாக் கேக்கும், கத்தாதேங்கோ. அவரிட்டக் கேக்காதேங்கோ, என்னட்டக் கேளுங்கோ. பின்னால் சுடுதண்ணிப் போத்தலோடு உட்கார்ந்திருந்த கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் சமைக்கிறவர் அவர்தான், கறியில் உப்பு அதிகம் என்பது உட்பட அதில் பாதி தனக்கென்று அவருக்குத் தெரியும்.

காதைப் பற்றி எதற்கு டீச்சர் என்று கேட்டேன்.

"வாய் இல்லாத ஆளுக்குக் காதும் இல்லை, மூளையும் இல்லையெண்டுதான் சனம் நினைக்கும், பிள்ளை. வந்து நிண்டு கத்துவினம். இல்லாட்டி என்னை இருத்தி வைச்சுக்கொண்டு இவரிட்ட, அம்மா சாப்பிட்டாவோ எண்டு கேப்பினம். எனக்குச் சாகப் பயம் இல்லை. உதுக்குத்தான் பயம்."

ஹெட்போனைச் சரி செய்துகொண்டு, பதிவை ஓடவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அப்போதுதான் முதல் டிக் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு குரலில் ஓட்டை விழத் தொடங்கியது. கதவைச் சா... போட்டுப் போங்கோ என்று வந்தது. வாயை அதிகம் பாவிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்க, அந்த மனுஷியை நான் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். ஒவ்வொரு தரமும் குரல் கொஞ்சம் தேய்ந்தது. அது எனக்கு ஹெட்போனில் நன்றாகவே கேட்டது.

தாளத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டு பெட்டியும் ஒரே வேகம். வயரைக் கழற்றிவிட்டுப் புது வயர் ஒன்றைப் போட்டேன். அதுவும் அதே பாட்டைத்தான் பாடியது. அப்படியென்றால் மைக்கை நேரே இரண்டாவது பெட்டியில் குத்தித் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். குத்தலாம். ஆனால் அதிலிருந்த மைக் துளையை, தானே திருத்துகிறேன் என்று போன வருஷம் முதலாளி ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குடைந்து முடித்திருந்தார். ஆகவே வழி ஒன்றே ஒன்றுதான், அந்தச் சிவப்பு வெளிச்சம்.

முதலாளிக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. தெல்தெனியப் பக்கம் நல்ல மழை, விக்டோரியா அணையில் தண்ணீர் கூடிப்போயிற்று, அதனால் கரண்ட் முறுக்கி முறுக்கி வருகிறதாம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவருக்கு மேடை போதவில்லை, ஒரு அணைக்கட்டே தேவைப்பட்டது. பிறகு கொழும்பிலுள்ள ஒரு நிபுணரைப் போனில் பிடித்தார். அந்த மேதை கண்டியில் இருக்கிற பெட்டிக்குக் கொழும்பிலிருந்தே நாடி பிடித்து, எல்லாவற்றையும் தூக்கி வீசிவிட்டுப் புதிதாக வாங்கச் சொன்னார். அதன் பிறகு முதலாளி, கண் பட்டிருக்கும், ஒரு பூசணிக்காய் உடைத்துப் பார்ப்போமா என்று என்னைக் கேட்டார். எதில் உடைப்பது என்று நான் கேட்கவில்லை. என் மனதில் ஒரு இடம் இருந்தது.

டீச்சரை அன்றைக்கு அனுப்பிவிட்டோம். படியிறங்கும்போது கணவர்தான் நன்றி சொன்னார்.

மறுநாளும் வந்தார்கள். நான் காலையிலேயே வந்து கொம்பியூட்டரில் இருக்கிற அத்தனையையும் புரட்டிப் பார்த்திருந்தேன். ஒரு பிழையும் இல்லை. டீச்சர் உட்கார்ந்து இரண்டு வசனம்கூடச் சொல்லவில்லை, டிக், டிக், ஓட்டை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை என்றா சொன்னேன், ஆத்திரம். அவரைத் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டு, ராக்கைக்குப் பின்னால் தலையை விட்டு மூன்றாவது வயரைக் குத்திக்கொண்டிருந்தேன். கழற்றின வயரை மேசையில் எறிந்திருந்தேன். டீச்சருக்குச் சும்மா இருந்து பழக்கம் இல்லை. அதைக் கையில் எடுத்து அதன் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். என் தோளில் தட்டியபோது திரும்பினேன். குரலை வீணாக்காமல் அந்த நுனியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

சந்தனம் மணந்தது.

பெட்டியை ராக்கையிலிருந்து இழுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். வெளிச்சம் புறப்படுகிற அந்தச் சின்னச் சதுரத் துளைக்குள், அளவெடுத்து வைத்தது போல, காய்ந்த சந்தனம். ஈரமாக இருந்த நாள் வெளிச்சம் எப்படியோ அதற்குள்ளால் தப்பி ஓடியிருக்கிறது. அதனால்தான் பஜனை மட்டும் வாழ்ந்தது. காயக் காய அது கட்டியாக அடைத்துக்கொண்டது. நான் புதிது புதிதாக மாற்றின ஒவ்வொரு வயரும் போய் அந்தச் சந்தனத்தில்தான் மூக்கைக் குத்தியிருக்கிறது.

கீழே கடைக்கு ஆள் அனுப்பி முதலாளியைக் கூப்பிட்டேன். வந்தார். கேட்டேன். மனிதர் வெட்கப்படுவார் என்று நினைத்தால் பெருமைப்படுகிறார். பூசையன்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பதற்காகப் பெட்டிகளை அணைக்காமல் விட்டிருக்கிறார். வயரைப் பிடுங்கினதும் பெட்டியின் முதுகில் ஒரு சிவப்புக் கண் எரிவதைக் கண்டாராம். அதுதான் மெஷினின் உயிர்நிலை என்று விளங்கிவிட்டதாம். விரல் போகாத துளை, ஆகவே நெருப்புக்குச்சியால் பக்குவமாகப் பொட்டு வைத்தாராம். மற்ற எல்லாப் பொட்டையும் விட அதுதான் வடிவாக அமைந்ததாம்.

துடைப்பதற்கு ஸ்பிரிட் கொண்டுவரப் போனேன். முதலாளி குறுக்கே நின்றார். "சாமிக்கு வச்ச சந்தனங்க தங்கச்சி, அதால கெடுதல் வராது. வெள்ளிக்கிழமை வரைக்கும் அழிக்கக்கூடாது, தோசம்."

நான் வாயைத் திறக்க முந்தி டீச்சர் கதிரையிலிருந்து எழும்பினார்.

"சரஸ்வதிக்குப் பூசையெண்டு சொல்லி அவவின்ர வாயையே அடைச்சு வைச்சிருக்கிறீர். என்ர தொண்டையை அடுத்த கிழமை வெட்டி எடுக்கத்தான் போகினம். அதுக்குள்ள உமக்கு என்ன ஐயா அவசரம்?"

அவ்வளவையும் சொல்லி முடித்தபோது குரல் பாதியில் காற்றாகிப் போயிற்று. முதலாளி வழிவிட்டார். டீச்சரின் அந்த வசனத்தை மட்டும் நான் பதியவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பல்லுக்குத்தும் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றித் துளையைத் துடைத்தேன். புது வயர் போட்டேன். சிவப்பு வெளிச்சம் சுத்தமாகப் போனது. டிக் இல்லை, ஓட்டை இல்லை, கண்ணாடி போன்ற பதிவு. ஆனால் பதிவதற்குக் குரல்தான் இல்லை. முந்தின நாளும் அன்றைக்கும் நாங்கள் அதை இறைத்துவிட்டோம். டீச்சர் விடவில்லை. சுடுதண்ணியைக் குடித்துக் குடித்து, எல்லா வசனத்தையும் சொல்லி முடித்தார். கரகரப்பும் காற்றுமாக வந்தது. முதல் நாள் பதிவில் குரல் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. இரண்டாம் நாள் பதிவில் ஓட்டை இல்லை, குரலும் இல்லை. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல. எனக்கு முதலாளியைப் பிடித்துப் படியால் உருட்டிவிடலாம் என்று இருந்தது. அவர் பாவம், அடுத்த அறையில் நின்று, சுவருக்கு அப்பாலிருந்த பெட்டியிடம் மன்னிப்புக் கேட்டுக் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். டீச்சரிடம் ஒரு சொல் மன்னிப்புக் கேட்கவில்லை.

டீச்சர் வார்ட்டுக்குப் போகும் வரைக்கும் நான் வேறு வேலை எடுக்கவில்லை. புடைவைக் கடைக்காரர் போனில் குதித்தார், குதிக்கட்டும் என்று விட்டேன். முதல் நாள் பதிவில் டீச்சர் ஒவ்வொரு வசனத்தையும் பல தரம் சொல்லியிருந்தார் அல்லவா? ஒரு தரத்தில் ஓட்டை விழுந்த சொல்லுக்கு இன்னொரு தரத்திலிருந்து துண்டு வெட்டி ஒட்டினேன். டிக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அப்படியே பெரும்பாலானவை முழுசாகத் தேறிவிட்டன. ஒன்றே ஒன்று மட்டும், மாற்றுத் துண்டு எதுவும் தேறாமல், மல்லுக்கு நின்றது. என்னட்டக் கேளுங்கோ என்பதற்கு முன்னால் ஒரு டிக். அதைப் பிடுங்கினால் அந்த 'என்'னும் சேர்ந்து பிடுங்குப்பட்டது. டீச்சரிடம் போட்டுக் காட்டினேன். மற்றப் பதிவிலிருக்கிற கரகரத்த வசனத்தைப் போடட்டுமா என்றும் கேட்டேன். அவர் கையை ஆட்டி மறுத்தார். "டிக் கிடக்கட்டும். என்ர குரல் கிடந்தாச் சரி," என்றார். என்னிடம் அவர் வாயால் பேசியது அதுதான் கடைசி.

சத்திர சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் பேராதனை வீட்டுக்குப் பார்க்கப் போனோம். நான் தனியே போகலாம் என்று இருந்தேன். முதலாளி ஒரு பை ஆப்பிளோடு ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் ஸ்டூடியோவில் பதிந்த குரல் அல்லவா, அது எப்படிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டாமா?

டீச்சர் முன்னறையில், கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, மடியில் டெப்போடு இருந்தார். மெலிந்திருந்தார். கண்கள் மட்டும் அதே கணக்கு டீச்சரின் கண்கள். முதலாளி வாசலில் கால் வைத்ததுமே, பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுகிறவன் தோற்றுப்போகிற சத்தத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பிரித்துச் சுகம் விசாரித்தார். குனிந்து காதுக்குக் கிட்டவே போய்விட்டார். டீச்சர் அசையாமல் கேட்டார். பிறகு விரலால் ஒரு பொத்தானை அமத்தினார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும். கத்தாதேங்கோ."

முதல் நாள் குரல். முழுக் குரல். முதலாளி ஆப்பிள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதிரையின் நுனியில் ஒடுங்கித் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க வழி தெரியாமல் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். வேண்டும், இந்த ஆளுக்கு நல்லா வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கூத்தே நடந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே கோப்பையை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற கணவரிடம் திரும்பி, "டீச்சர் இப்ப ஒழுங்கா சாப்பிடுறாங்களா சேர்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். டெப் முந்திக்கொண்டது.

"அவரிட்டக் கேக்காதேங்கோ." ஒரு டிக். "என்னட்டக் கேளுங்கோ."

அந்த டிக்கை எனக்குத் தெரியும். நானே பதிந்து, நானே வெட்டப் பார்த்து, நானே தோற்றது. முதலாளி இப்போது தன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஊருக்கெல்லாம் வாய் நீட்டுகிறவள் நான். கதிரையைத் தூக்கி டீச்சருக்கு நேரே திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"டீச்சர், நீங்க ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

அவர் டெப்பில் மெல்ல மெல்ல விரலால் தேடினார். நேரம் எடுத்தது. கடைசியில் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்து, அதை அமத்த முன் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"உப்புக் கூட," என்றார் டீச்சர்.